சீட்டுக் கம்பியில் இரண்டு கோடுகள்

என் உயரம் நாலடி பத்து அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களாக ஒன்றை நினைத்துக்கொண்டு, பிறகு நேரில் பார்த்து "அவ்வளவுதானா" என்பீர்கள். அந்த "அவ்வளவுதானா"வை நாற்பத்தெட்டு வருஷமாகக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் முதல் வரிசை, கல்யாண போட்டோவில் முன்னால், பஸ்ஸில் மேல்கம்பிக்குப் பதிலாக யாராவது ஒருவருடைய சீட்டின் முதுகு. வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தில் என் மேசைக்கு அடியில் பழைய ஃபைல் கட்டு ஒன்று கிடக்கும். பெருக்க வருகிற அம்மா அதைக் குப்பை என்று நினைத்துப் பலமுறை எடுத்துப்போயிருக்கிறார். நானும் பலமுறை போய்த் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அது நான் கால் வைக்கிற கட்டை. அது இல்லாவிட்டால் என் இரண்டு காலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தரத்தில் தொங்கும்.

சின்ன வயதில் எனக்கு வாங்கியதெல்லாம் இரண்டு அளவு பெரிது. "வளர்ற பொண்ணு, அடுத்த வருஷமும் போட்டுக்கலாம்" என்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். யூனிபாரம், ஷூ, மழைக்கோட்டு எல்லாமே அடுத்த வருஷத்துக்கானவை. அந்த அடுத்த வருஷம் எனக்கு மட்டும் வரவேயில்லை. இடுப்பில் ஊக்கு குத்தியும், ஷூவுக்குள் துணி அடைத்தும், பாவாடை தடுக்கி விழுந்தும் நான் பெரியவளானேன். பொருளுக்கு நான் பத்தவில்லை என்றுதான் அப்போதெல்லாம் நினைப்பு. பொருள் எனக்குப் பெரிது என்று யாரும் சொன்னதில்லை.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார், கிட்டத்தட்ட ஆறடி. "கால்ல மிதிச்சா மூக்குக்கு ஏற மத்தவங்களுக்கு நேரமாவும். உனக்கு தூரம் கம்மி" என்பார். இதைச் சொல்லிவிட்டு இரண்டடி நகர்ந்து நின்றுகொள்வார். அந்த அளவுக்கு அவருக்கு என்னைத் தெரியும்.

கல்யாணமான மாதத்திலிருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நாங்கள் இருவரும் அண்ணாமலையார் மலையைச் சுற்றினோம். பதினாலு கிலோமீட்டர் நடை. பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அதில் வேறொரு காரியமும் இருந்தது. கூட்டுக் குடும்பம், ஒரே ஹால், சுவருக்குக் காது. வீட்டில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது "உப்பு கம்மி", "சாவி எங்க" அளவுக்குத்தான். மீதி எல்லாவற்றையும் பௌர்ணமிக்குச் சேர்த்துவைத்திருப்போம். வழிநெடுக வரும் லிங்கக் கோயில்களில் யமலிங்கம் தாண்டும்வரை அவர் பேசாமல் நடப்பார். நிருதி லிங்கத்தில் நான் ஆரம்பிப்பேன். அடி அண்ணாமலை வரும்போது சண்டை உச்சத்தில் இருக்கும். குபேர லிங்கத்துக்குள் எப்படியோ முடிந்துவிடும். ஈசானிய லிங்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, சேர்ந்து சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம். இருபத்திரண்டு வருஷம் எங்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடியது. மாமனார் மாமியார் காலமாகி, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் என்றான பிறகும் பேச்சென்றால் மலையைச் சுற்றும்போதுதான். வீட்டுக்குள் பேச எங்களுக்குப் பழக்கமே இல்லை.

என் வலது முட்டி போனது அப்படிப்பட்ட நேரத்தில். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே ஜவ்வு தேய்ந்துவிட்டது என்றார்.

"மலை சுத்தறது உண்டா?"

"மாசா மாசம் உண்டுங்க."

"வெறுங்கால்ல, தார் ரோட்டுல, பதினாலு கிலோமீட்டர். இனிமே அது வேணாம்மா. கோயிலுக்குப் போயி வாசல்ல நின்னு கும்பிட்டுட்டு வாங்க, போதும்."

 வழக்கமாக யாராவது "வேணாம்" என்றால் எனக்கு நாக்கில் நாலு வார்த்தை வந்து நிற்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். "சைக்கிள் ஓட்டுங்க. நடந்தா எடை பூரா முட்டி மேல எறங்குது. சைக்கிள்ல எடையை சீட்டு வாங்கிக்கும், முட்டிக்கு அசைவு மட்டும்தான். ஆனா ஒண்ணு. வண்டி உங்க அளவுக்கு இருக்கணும். அளவு தப்பா இருந்தா, இருக்கிற முட்டியும் போயிடும்."

அந்தப் பௌர்ணமிக்கு நான் போகவில்லை. வீட்டுக்காரரைப் போகச் சொன்னேன். தனக்கும் குதிகாலில் வலி என்றார். அடுத்த பௌர்ணமிக்கும் குதிகால் சரியாகவில்லை. இப்படி ஆறு பௌர்ணமி. மொட்டைமாடியில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து நிலாவைப் பார்த்தோம். "மேகம் இருக்குது" என்பார் அவர். "ஆமா" என்பேன் நான். என் கால்கள் அந்த நாற்காலியிலும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. முட்டி வலியைவிட அப்படிப் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தது எனக்குப் பெரிய வலியாக இருந்தது. சைக்கிள்தான் ஒரே வழி என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

ஊரில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அதற்கு அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. உள்ளே போய் ஒரு ரோஸ் கலர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். கைப்பிடியில் குஞ்சம், செயின் கவரில் முயல் படம்.

"யம்மா, உங்களுக்குன்னு பாத்தா இதான் செட் ஆவும்."

என் வீட்டுக்காரர் இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டார். நான் கடைக்காரரைப் பார்த்து, "இதுல பின்னாடி ரெண்டு சின்ன சக்கரம் வெச்சுத் தருவீங்களா?" என்று கேட்டேன். அவர் நான் நிஜமாகவே கேட்கிறேன் என்று நினைத்து, "அது தனியா வாங்கி மாட்டிக்கலாம்மா" என்றார். பாவம், நல்ல மனிதர். பிறகு கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்றை எடுத்துவந்து சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கினார். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் தரையில் ஊன்றின.

"ரெண்டு காலும் ஊனுது பாருங்க. இதாம்மா அளவு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் கால் தரையில் ஊன்றுகிற சீட்டு அபூர்வம் அல்லவா, மயங்கிவிட்டேன். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள் என்று நம்பிக்கையோடு கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாளே முட்டிச் சில்லுக்கு மேலே சுரீர் என்று பிடித்துக்கொண்டது. மிதிக்கும் ஒவ்வொரு முறையும் முட்டி வயிற்றுக்கு வந்து போனது. முக்காலியில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து அலுவலகம் போவதைப்போல இருந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அடி அண்ணாமலையில் ஒரு தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தபோது டீக்கடையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ரேஸ் வண்டிபோலக் கைப்பிடி கீழே வளைந்த சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். சென்னைப் பெண், முப்பது வயதிருக்கும். டீ வாங்க நான் பக்கத்தில் போய் நின்றபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்தோம். நேராக என்றால் நேராக, அண்ணாந்தோ குனிந்தோ இல்லாமல். அவளும் அதைக் கவனித்தாள், சிரித்தாள்.

"இந்த வண்டி உனக்கு எப்படிம்மா எட்டுது?" என்றேன்.

"எட்டலக்கா. எட்டாத அளவுக்குப் பெரிய வண்டியில நாலு வருஷம் ஓட்டி முதுகு போச்சு. இது நம்ம சைஸுக்கே வர்ற ஃப்ரேம்." "நம்ம சைஸ்" என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அந்த வண்டி வாங்கிய கடையின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கடைக்கு போன் செய்தபோது, "ஷூ போட்டுட்டு வாங்க மேடம், ஓட்டும்போது எப்படி இருப்பீங்களோ அப்படி" என்றார்கள். என்னிடம் ஷூ கிடையாது. சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் போய் நல்ல தடித்த, மொத்தமான அடிப்பாகம் வைத்த ஷூவாகப் பார்த்து வாங்கினேன். ஏன் மொத்தம் என்று கேட்காதீர்கள். நாலடி பத்து அங்குலத்தில் இருக்கிறவர்கள் செருப்பு வாங்கும்போது கை தானாக அங்கேதான் போகும்.

சென்னைக் கடையில் அளவெடுப்பவர் ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். என்னைச் சுவரோரம் நிற்கவைத்து, ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்து, இரண்டு தொடைக்கும் நடுவில் மேலே ஏற்றிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு உயிரே போய்விட்டது. என் வீட்டுக்காரர் திரும்பி நின்று ஹெல்மெட்டுகளை அவ்வளவு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். அளவெடுப்பவர் அந்தப் புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை டேப் பிடித்துக் கால் நீளத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு கை நீளம், தோள் அகலம், உள்ளங்கை. தையற்காரர்கூட என்னை இத்தனை அளவு எடுத்ததில்லை.

முதலில் காட்டியதும் சின்ன ஃப்ரேம்தான். உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தால் கை கம்பிபோல விறைத்து நின்றது. பிரேக் விரலுக்கு எட்டவில்லை. சீட்டு மட்டும் சரியாக இருந்தது. "சீட்டு சரியாத்தானே இருக்குது" என்று நானே வாயைக் கொடுத்தேன்.

"எல்லாரும் சீட்டு உயரத்தத்தான் பாக்கறாங்க மேடம். அதை ஏத்தலாம், எறக்கலாம், ஒரு நிமிஷ வேலை. சீட்டுலருந்து ஹேண்டில் வரைக்கும் இருக்கிற நீளத்த அப்படிச் சுருக்க முடியாது. அது உடம்புக்குச் சரியா இல்லன்னா கழுத்து, தோளு, மணிக்கட்டு, எல்லாத்துலயும் வலி வரும்."

வழக்கமாக நான் சொல்கிறதைத்தான் அன்றைக்கும் சொன்னேன். "நான் கொஞ்சம் கட்டை. அதான் உங்களுக்குக் கஷ்டம்."

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "உங்க அளவுல ஒரு தப்பும் இல்ல மேடம். வண்டிதான் பெருசு."

அவ்வளவுதான். அவருக்கு அது ஒரு சாதாரணப் பேச்சு, ஒரு நாளைக்கு நாலு பேரிடம் சொல்வாராக இருக்கும். நான் ஷூ கயிற்றைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

அப்புறம் அவர் கொண்டுவந்த வண்டிதான் இப்போது என் வீட்டு ஹாலில் நிற்கிறது. சைக்ளோகிராஸ் என்றார். பார்க்க ரேஸ் வண்டி மாதிரிதான், டயர் மட்டும் கொஞ்சம் தடிமன், மண் பாதையிலும் போகுமாம். ஃப்ரேமுக்கு ஏற்ற மாதிரி சக்கரமும் ஒரு அளவு சின்னது. சின்ன ஃப்ரேமில் பெரிய சக்கரம் மாட்டினால் திருப்பும்போது முன்சக்கரம் கால் விரலில் இடிக்கும் என்று காட்டினார். பெடலைச் சுழற்றும் தண்டும் குட்டை. பிரேக் கைப்பிடியை ஒரு சின்னத் திருகாணியைத் திருகி என் விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். வண்டியை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, என்னை ஷூவோடு ஏற்றி மிதிக்கவைத்து, சீட்டைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, கால் கீழே போகும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கிற இடத்தில் முடுக்கினார்.

"கால் தரையில் எட்டலியே" என்றேன் பயந்துபோய்.

"சீட்டுல உக்காந்துகிட்டு எட்டக் கூடாது மேடம். நிறுத்தும்போது சீட்ட விட்டு முன்னாடி எறங்கி நில்லுங்க." இறங்கி நின்றேன். இரண்டு கால்களுக்கும் நடுவில் இருந்த கம்பிக்கும் எனக்கும் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. என் இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்திருந்தன.

மூன்று வாரம் வீட்டிலிருந்து வேங்கிக்காலுக்கு அதில்தான் போய்வந்தேன். காலையில் அலுவலகத்துக்கு நான் ஷூவும் ஹெல்மெட்டுமாகப் போய் இறங்குவதைப் பார்க்க ஜன்னலில் ஆட்கள் நின்றார்கள். "மேடம் ஒலிம்பிக் போறாங்க" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. கேட்காததுபோலப் போனேன். முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் வாரக் கடைசியில் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "ஞாயித்துக்கெழமை மலை சுத்தலாம்." பௌர்ணமியன்று அந்தக் கூட்டத்தில் சைக்கிளாவது ஒன்றாவது, ஆள் நடக்கவே இடம் இருக்காது. ஞாயிறு விடியற்காலை என்றால் சாலை காலியாக இருக்கும். அவர் உடனே போய்த் தன்னுடைய பழைய கறுப்பு சைக்கிளுக்குக் காற்றடித்தார். காற்றடிக்கும்போது சீட்டி அடித்தார். ஆறு மாதமாக அவர் சீட்டி அடித்து நான் கேட்கவில்லை.

குளித்து, விபூதி பூசி, செருப்பு ஷூ எல்லாவற்றையும் வாசலிலேயே விட்டுவிட்டு இருவரும் கிளம்பினோம். ராஜகோபுரத்தில் ஒரு கும்பிடு. செங்கம் சாலை வரை நன்றாகத்தான் போனது. நிருதி லிங்கம் வந்தது. நான் ஏதோ பேச வாயைத் திறந்தேன், முட்டிக்குப் பின்னால் நரம்பை யாரோ பிடித்து இழுத்தது மாதிரி இருந்தது. அடி அண்ணாமலை வருவதற்குள் இடுப்பு சீட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கியது. குபேர லிங்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறவளுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்?

இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு புதன்கிழமை அலுவலகம் போனேன். வலி இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி மலை, மறுபடி அதே இடத்தில் அதே வலி. மூன்றாவது ஞாயிறும் அப்படியே. வேறு எந்தச் சாலையிலும் வலிக்காத கால் மலையைச் சுற்றும்போது மட்டும் வலித்தது.

இதற்கு என்ன அர்த்தம்? இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றும். எனக்கும் அதுதான் தோன்றியது. இருபத்திரண்டு வருஷம் நடந்து வந்தவள் இப்போது சொகுசாகச் சக்கரத்தில் உட்கார்ந்து வருகிறாள், வேண்டாம் என்கிறார் அண்ணாமலையார். முடிந்தால் நடந்து வா, முடியாவிட்டால் வீட்டிலேயே இரு. அன்றைக்கு வாசல்படியில் உட்கார்ந்து இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கணக்கு வாத்தியார், எதற்கும் காரணம் கேட்கிறவர், என்னோடு மல்லுக்கட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இருக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் அழக்கூடாது என்று சமையலறைக்குப் போய்ப் பூண்டு உரித்தேன். தேவையே இல்லாமல் கால் கிலோ பூண்டு.

அழுகை முடிந்ததும் கோபம் வந்தது. அண்ணாமலையார் மேல் காட்ட முடியாது. சென்னைக்கு போன் செய்தேன்.

"நீங்க அளவெடுத்த லட்சணம் நல்லா இருக்குது. வண்டியத் திரும்ப எடுத்துக்குங்க. என் காலு போச்சு."

அளவெடுத்தவர் பதறவில்லை. "எப்போ வலிக்குது மேடம்?" என்றார். சொன்னேன். மலை சுற்றும்போது மட்டும் என்றால் ஏற்றமா என்று கேட்டார். பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை என்றேன். தூரமா என்றார். வாரம் பூராவும் அலுவலகம் போய்வருகிற தூரம் அதைவிட அதிகம் என்றேன். சாமி விஷயத்தை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. "பக்கவாட்டுல இருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. ரெண்டு எடத்துலயும்" என்றார்.

வேங்கிக்கால் சாலையில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலையில் ஒன்று. என் வீட்டுக்காரர் சாலையோரம் நின்று, நான் கடந்து போவதை போனில் எடுத்தார். அதுதான் கடைசிச் சுற்று என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று, இனி வரமாட்டேன் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மத்தியானம் போன் வந்தது.

"மேடம், ரெண்டாவது வீடியோல கால்ல ஒண்ணுமே போடலியா?"

எனக்குச் சுள்ளென்றது. "மலை சுத்தும்போது யாராச்சும் செருப்பு போடுவாங்களா? இன்னா பேசறீங்க நீங்க?"

 அளவெடுத்தவர் மெதுவாகக் கேட்டார். "கடையில ஷூ போட்டுத்தானே சீட்டு வெச்சோம்?"

"ஆமா."

"அந்த ஷூவோட அடிப்பாகம் எவ்ளோ மொத்தம்? ஒரு ஸ்கேல் வெச்சுப் பாருங்களேன்."

வீட்டுக்காரர் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்துவந்தார். ஷூவைத் திருப்பி வைத்து அளந்தார். மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு நூல் குறைவு. அவர் அந்த ஸ்கேலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்தஞ்சு வருஷமா புள்ளைங்களுக்குக் கழித்தல் சொல்லித் தரேன்" என்றார்.

போனில் அளவெடுத்தவர் விளக்கிக்கொண்டிருந்தார். உயரமான ஆளுக்கே மூன்று சென்டிமீட்டர் ஜாஸ்தி என்றார். உங்கள் காலுக்கு அது ரொம்பவே ஜாஸ்தி, ஷூ இல்லாமல் மிதிக்கும்போது பெடல் கீழே போக உங்கள் கால் நீண்டு போய் எட்ட வேண்டியிருக்கிறது, அதனால் இடுப்பு ஆடுகிறது, முட்டிக்குப் பின்னால் இழுக்கிறது, வீடியோவில் விரல் நுனியால் மிதிக்கிறீர்கள் பாருங்கள் என்றார். பார்த்தேன். மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்க எக்கி நிற்பேனே, அதே பாதம். விரல்கள் நீட்டி, குதிகால் தூக்கி, முழு பதினாலு கிலோமீட்டரும் எக்கிக்கொண்டே போயிருக்கிறேன்.

அவர் மேல் தப்பில்லை, வெறுங்காலில் சைக்கிள் ஓட்டுவீர்களா என்று யார் கேட்பார்கள்? என் வீட்டுக்காரர் மேலும் தப்பில்லை. எனக்கே ஏன் தெரியவில்லை என்பதுதான் என்னை வாட்டியது. யோசித்துப் பார்த்தால் காரணம் ரொம்பச் சாதாரணம். பஸ் கம்பி, பேங்க் கவுண்டர், அலமாரி, கோயில் மணி என்று வாழ்நாள் பூராவும் எக்கியே பழகிவிட்டேன். எக்குகிறோம் என்பதே எனக்கு உறைக்கவில்லை. கால் எட்டாமல் இருந்தால், அது எனக்கு எப்போதும் இருக்கிற நிலைமைதானே. சரியான அளவு கிடைத்து மூன்று வாரம் ஓட்டிய பிறகும் எனக்கு அது புரியவில்லை. போதாக்குறைக்குப் பழியை அண்ணாமலையார் மேல் போட்டேன்.

"ஷூ போட்டுக்கிட்டே சுத்தலாமே மேடம்" என்றார் அவர்.

"முடியாது."

"சரி. அப்ப அங்க போகும்போது சீட்ட எறக்கிக்குங்க. ரெண்டு நிமிஷ வேலை."

வீட்டுக்காரர் அன்றைக்கே உட்கார்ந்தார். சீட்டைத் தாங்கும் கம்பியில், இப்போது பிடித்திருக்கும் இடத்தில் ஒரு கோடு போட்டார். பெடலின் முள் உள்ளங்காலில் குத்தாமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பெடலில் சுற்றினார். அந்த ரப்பர் எவ்வளவு மொத்தம் என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, அதையும் கழித்துக்கொண்டு இரண்டாவது கோடு போட்டார். வெள்ளை பெயிண்ட், ஊசி முனை மாதிரிக் கோடு. "கீழ்க் கோடு ஆபீசுக்கு. மேல் கோடு மலைக்கு" என்றார். சீட்டை இறக்கினால் மேல் கோடு எப்படி வரும் என்று நான் சண்டைக்குப் போனேன். கம்பியை ஏற்றி இறக்கிக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு. சீட்டு மேல் கோட்டில். செருப்பெல்லாம் வாசலில். ராஜகோபுரத்தில் கும்பிடும்போது தப்பாக நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். யமலிங்கம் தாண்டும்வரை அவர் பேசவில்லை, வழக்கம்போல. வலது பக்கம் மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் போகிற அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டே போனேன். வெறும் பாதம், குதிகால் இரும்புப் பெடலில் அழுந்தி அழுந்தி எழுந்தது. நிருதி லிங்கம் வந்தது.

"ஏங்க, உங்க குதிகால் வலி இப்ப எப்படி இருக்குது?"

"எந்தக் குதிகால்?" என்றார் திரும்பாமல்.

 பத்துச் சுற்று மிதித்த பிறகு அவருக்கு உறைத்தது. வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்தார்.

"ஆறு பௌர்ணமி" என்றேன். "ஆறு பௌர்ணமி நீங்க போகாம, பொய் சொல்லிக்கிட்டு, என்கூட மாடியில உக்காந்து மேகத்தப் பாத்தீங்க. என்னால ஒருத்தர் மலை சுத்தறது நின்னு போச்சுன்னா அது என் தலையிலதானே வந்து விழும்? ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"தனியா போயி இன்னா பண்றது?"

"எல்லாரும் இன்னா பண்றாங்களோ அதப் பண்றது. நடக்கறது, கும்பிடறது."

"பேசறது யார்கிட்ட?" என்றார். "நடந்து முடிச்சிட்டு வீட்டுக்கு வந்தா நீ உக்காந்திருப்ப. வந்துட்டீங்களான்னு கேப்ப. ஆமான்னு சொல்லணும். அதுக்கு நான் போகாமலே இருக்கலாம்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் விடவில்லை. பொய் பொய்தான் என்றேன். அவர் நான் கொடுத்த குதிகால் தைலத்தை ஆறு மாதமும் தேய்த்துக்கொண்டதைச் சொல்லிக்காட்டினார். அந்த நாற்றத்தில் வகுப்பில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்களாம். அப்படியானால் என் தைலமும் வீண் என்றேன். அடி அண்ணாமலை டீக்கடையில் இருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள், எங்கள் குரல் அவ்வளவு ஏறியிருந்தது. சண்டை மாடி நாற்காலியிலிருந்து அவருடைய தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், அங்கிருந்து 'இருக்கலாம்' என்று அவர் சொன்ன அந்த ஒற்றை வார்த்தைக்கு வந்து, அதற்கு அவர் என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னதாகச் சத்தியம் செய்து, அதையும் நான் நம்பாமல், குபேர லிங்கமும் தாண்டிவிட்டது. சண்டை முடியவில்லை. ஈசானிய லிங்கத்தில் டீக்கடை முன்னால் சீட்டைவிட்டு முன்னால் இறங்கி, இரண்டு பாதமும் சாலையில் பதிய நின்றேன்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"எந்த முட்டி?" என்றேன்.